வலப்பக்கம் இன்னும் காலி

இலேஷா, நைஜீரியா
9 மார்ச் 1974

அன்புத் தம்பி தைவோவுக்கு,

பத்து நிமிடம் முன்னால் பிறந்தவனைத் தம்பி என்கிறேன் என்று இப்போதும் முறைப்பாய். முறைத்துக்கொள். உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துவர உன்னை முதலில் அனுப்பியவன் நான். நம்மூரில் அனுப்பியவன்தான் அண்ணன். போன நீ இங்கிலாந்தில் லீட்ஸ் வரைக்கும் போய்விட்டாய். ஆறு வருஷமாக ஆளைக் காணோம்.

நீ அனுப்பிய கேமரா பத்திரமாக வந்தது. வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவனுக்கு நீ ஒளி மீட்டரையும் அனுப்பிவிட்டாய்! முதல் சுருளை அபெக்கே அத்தை மகள் கல்யாணத்தில் எடுத்தேன். எல்லாரும் வெள்ளை லேஸ் துணியில் வரிசையாக நின்றார்கள். கழுவி வந்ததைப் பார்த்தால், லேஸில் ஒவ்வொரு பூவும் தெரிகிறது. முகமெல்லாம் அடிப்பிடித்த சட்டி. "துணி நல்லா வந்திருக்கு. கட்டினவங்க எல்லாம் எங்கப்பா போனாங்க?" என்று அத்தை மானத்தை வாங்கிவிட்டாள்.

ஒரு கவலை. உன் கடிதங்களை வாசித்தால் அம்மா இப்போது தலையாட்டுவதில்லை. "நீயே எழுதி நீயே படிக்கிறியாடா?" என்று போன வாரம் கேட்டாள். "எழுத்து யாரு வேணா எழுதலாம். அவன் முகத்தக் காட்டச் சொல்லு." கேமராவையே அனுப்பினவனுக்கு ஒரு படத்தை உள்ளே வைக்கக் கை வரவில்லையா?

உன் அண்ணன்,
கெஹிந்தே


லீட்ஸ்
2 ஏப்ரல் 1974

என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் சாவகாசமாக வந்த அண்ணனுக்கு,

மீட்டர் சுத்த மடையன். வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் ஏகத்துக்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளும். லேஸை விடு. மீட்டரைக் கன்னத்தருகே கொண்டுபோய் அள; கறுப்பைக் கண்டால் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதிலிருந்து ஒரு படி குறைத்து எடு. முகம்தான் முக்கியம். லேஸ் வெளுத்தால் வெளுக்கட்டும்.

கேமராவின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டு லீவரை இழுத்தால் ஃபிலிம் நகராது. எடுத்த படத்தின் மேலேயே இன்னொன்று எடுக்கலாம். நம்மூர் ஸ்டூடியோக்காரர்கள் அதை எதற்குச் செய்வார்கள் என்று உனக்கே தெரியும். நீ அதைத் தொடாதே.

என் படம்தானே? வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. நமக்கு ஒரே முகம்தானே, நீயே ஒரு கோட்டு போட்டு எடுத்து, நான்தான் என்று கொடுத்துவிடேன். அம்மா மனம் குளிரட்டும். எனக்கும் ஒன்று அனுப்பு. உன் முகம் மட்டும், கிட்டத்தில், இடது கன்னம் நன்றாகத் தெரிகிற மாதிரி.

தைவோ


இலேஷா
17 ஜூன் 1974

தைவோ,

உன் பேச்சைக் கேட்டேன் பார், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தலைமையாசிரியரின் கோட்டு ஒன்றை இரவல் வாங்கி, தானியங்கி விசையை வைத்து என்னையே எடுத்தேன். முகம் அச்சாக வந்தது. "தைவோ அனுப்பியிருக்கான்" என்று நீட்டினேன். அம்மா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது நீ."

"இல்லம்மா..."

"பெத்தவளுக்குத் தெரியாதாடா? இருக்கிறவனுக்கு இல்லாதவன் உடுப்ப மாட்டி எடுத்திருக்க. இத எப்ப எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? சொல்லு, எப்படா போனான் என் புள்ள? எத்தன நாளா மறைக்கிற?"

அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அபெக்கே அத்தை சாவு வீட்டில் செய்வதுபோலத் தலைத்துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு அழத் தொடங்கினாள். இரட்டையரில் ஒருவன் செத்தால் இருக்கிறவனையே அவனாகவும் உட்காரவைத்து, இரண்டு பேராகப் படம் பிடிப்பது நம் வழக்கம். நான் செய்ததும் அதில் பாதிதான். தாயறியாத சூலா? அவளைப் போய் ஏமாற்றப் பார்த்தோம்.

மூன்றாம் நாள், படத்துக்கென்று எனக்குத் தைத்த புதுச் சட்டையோடு வந்து நின்றாள். "அரைகுறையா எடுக்காத. முறையா எடு. ரெண்டு பேரும் ஒரே படத்துல. செவுத்துல மாட்டணும்."

"அவன் உசுரோட இருக்கான்மா!"

"அப்ப முகம் எங்க?"

நேற்று சுவரோரம் பெஞ்சைப் போட்டேன். கறுப்பு அட்டையால் லென்ஸின் பாதியை மறைத்துவிட்டு இடது பக்கம் உட்கார்ந்தேன். விசை தட்டியது. "இப்ப அந்தப் பக்கம் போ" என்றாள் அம்மா. எழுந்தேன். சத்தியமாக முடியவில்லை, தைவோ. அங்கே போய் உட்கார்ந்தால் உன்னை நானே புதைத்த மாதிரி. ஃபிலிம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

ஃபிலிம் அப்படியே உள்ளே இருக்கிறது. இடது பாதியில் நான், வலது பாதியில் ஒன்றுமில்லை. லீவரை இழுக்கவில்லை. கேமரா ஸ்டாண்டின் கால்கள் நின்ற இடத்தில் சுண்ணாம்பால் குறி போட்டிருக்கிறேன். நீ எதையோ மறைக்கிறாய். எதுவானாலும் சரி, வந்து உட்கார். மாட்டேன் என்றால் அதையாவது எழுது. நானே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

கெஹிந்தே


லீட்ஸ்
8 ஜூலை 1974

அண்ணா,

லீவரைத் தொடாதே.

உனக்கும் அம்மாவுக்கும் நான் செய்தது துரோகம். இங்கே வந்த மறுவருஷம் சாயப்பட்டறையில் நீராவிக் குழாய் வெடித்தது. என் இடது கன்னமும் காதும் வெந்துபோயின. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "கை சுளுக்கு, எழுத முடியவில்லை" என்று உனக்கு எழுதினேனே, அப்போதுதான். ஊரே அம்மாவை 'இரட்டையர் அம்மா' என்று கூப்பிடுகிறது. சந்தையில் நம் இருவரையும் நிறுத்தி, "எது யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று அவள் சிரித்த சிரிப்பு என் காதிலேயே இருக்கிறது. இந்த முகத்தை அவளிடம் எப்படிக் காட்டுவேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேமராவை உனக்காக அனுப்பவில்லை. உன்னைப் பார்த்தால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியுமே, அதற்காகத்தான் அனுப்பினேன்.

என் படம் என்று கொடுத்ததில் உன் முகமே இருந்ததால்தானே நான் செத்துவிட்டேன் என்று அம்மா நினைத்தாள்? இப்போது என் முகம் உன் முகம் இல்லை. டிசம்பர் 14 லாகோஸில் இறங்குகிறேன், டிக்கெட் எடுத்துவிட்டேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவை. வாசலில் என்னைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. உனக்குத் தைத்த அந்தச் சட்டையும் இங்கே பருத்துவிட்ட எனக்குப் பற்றாது, ஒரு சாண் சேர்த்துத் தைக்கச் சொல். கேமராவை வெயிலில் வைக்காதே.

சுண்ணாம்புக் குறியை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள். வலப்பக்கம் நான் உட்காருவேன். மீட்டரை என் இடது கன்னத்தருகே வைத்து அள. வெளிச்சமும் அதன் மேலேயே விழட்டும். சுவரில் மாட்டிய பிறகு அந்தப் படத்தைப் பார்த்து யாரும் தலைத்துணியை அவிழ்க்க மாட்டார்கள்.

உன் தம்பி,
தைவோ