பதினான்காவது நாற்காலி

கெல்சென்கிர்ச்சன்,
4.3.1985

அன்பின் தேவிக்கு,

நான் நல்ல சுகம். உம்முடைய சுகத்தையும் மாமியின் முழங்கால் வலி எப்படி என்பதையும் எழுதும்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடு கதைக்கிறீர்களோ" என்று போன கடிதத்தில் அழுதிருந்தீர். மை கரைந்து இரண்டு வரி வாசிக்க முடியவில்லை. இனி அப்படி அழ வேண்டாம். இத்துடன் வரும் படத்தைப் பாரும். நான் வேலை செய்யும் டென்மார்க்காரரின் சாப்பாட்டுக் கடையில் எடுத்தது. அன்று நான் கோப்பை கழுவவில்லை, நண்பர்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டேன்!

முதலில் மீன். அடுப்பையே காணாத மீன், தேவி. உப்பும் சீனியும் பூசி, ஏதோ ஒரு கீரையால் மூடி இரண்டு நாள் வைத்து, வெற்றிலை போல மெல்லிதாக வெட்டித் தருகிறார்கள். மாமி பார்த்தால், "அவிக்க மறந்திட்டினம் போல" என்பா. பிறகு பனியில் திரியும் மானின் இறைச்சி, புளித்த பழக்களியோடு. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சோடியாக ஒரு வைன், ஒவ்வொரு வைனுக்கும் தனிக் கிளாஸ். குடிக்க முன்னர் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து "ஸ்கோல்" என்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் நாலு கிளாஸ் இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதேயும். எல்லாம் அடியில் கொஞ்சம்தான்.

மே மாதம் நீர் வந்ததும் இவர்களையெல்லாம் காட்டுகிறேன்.

அன்புடன்,
அரியரத்தினம்

---

உரும்பிராய்,
30.3.1985

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் இருக்கிறோம்.

உங்கள் படம் ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பவளம் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளாஸ்களை எண்ணினா. "கள்ளுத் தவறணையிலையே ஆளுக்கு ஒரு ஓலைப் பிளாதான். உங்கட மனிசன் நாலு வைச்சிருக்கிறார், பிள்ளை!" என்றா. நான் சிரித்துச் சமாளித்தேன். பக்கத்தில் இருந்து சிரிக்கும் பொன்முடிக்காரி யார்? அதை மட்டும் ஒழுங்காக எழுதவும்.

அத்தான், ஒரு காரியம் செய்துவிட்டேன். கோபிக்காதேங்கோ. போன கிழமை இளம் பெடியன்களைப் பிடிக்க ஆமி எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. தம்பி புவனேந்திரன் காலையிலிருந்து பொழுதுபடும் வரை வாழைக்குள் படுத்துக் கிடந்தான். பத்தொன்பது வயதுப் பிள்ளையை எத்தனை நாள் ஒளிப்பது? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரிடம் இருப்பது ஒரே ஒரு இடம்தான். கிழக்கு பெர்லின் வழி எப்போது அடைபடும் என்று தெரியாதாம். அந்த இடத்தை அம்மா தம்பிக்குக் கேட்டபோதெல்லாம் நான் விடவில்லை. "அவர் அங்கே தனிய, நான்தான் போவேன்" என்று சண்டை பிடித்தேன். உங்கள் படத்தைப் பார்த்ததும் என் பிடிவாதம் போய்விட்டது. உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவனுக்கு நேரம் இல்லை. இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் அடுத்த முறை வருவேன். அதுவரை நண்பர்களோடு சந்தோசமாக இருங்கோ.

உங்கள் அன்பு,
தேவி

---

கெல்சென்கிர்ச்சன்,
19.4.1985

என் தேவி,

இடத்தைக் கொடுக்க வேண்டாம். கொடுத்திருந்தால் திரும்ப வாங்கும். இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

படத்தில் இருப்பவர்கள் என் நண்பர்கள் அல்ல. ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. பதினான்கு பேருக்கு மேசை போட்டிருந்தது. ஒருவர் வரவில்லை. பதின்மூன்று பேர் ஒரு மேசையில் இருந்தால் வருடத்துக்குள் ஒருவர் செத்துப்போவார் என்று இவர்களிடம் ஒரு நம்பிக்கை. ஒரு வயதான அம்மா இருக்க மறுத்து எழும்பிவிட்டா. முதலாளி குசினிக்குள் வந்து என் ஏப்ரனைக் கழற்றி, பரிமாறுகிறவனின் கோட்டை மாட்டிக் கொண்டுபோய் இருத்தினார். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போவதென்றால் மாமி நாலாவது ஆளாக ஒரு கல்லையும் எடுத்து மடியில் கட்டுவாவே, அன்றைக்கு அந்தக் கல் நான்தான்.

கூடாத மனிதர்கள் இல்லை. "ஸ்கோல்" சொல்லும்போது என் கண்ணையும் பார்த்தார்கள். இந்த நாட்டுக்கு வந்த பதினெட்டு மாதத்தில் ஒருவர் என் கண்ணை நேரே பார்த்தது அன்றுதான். படம் எடுத்து எனக்கும் ஒன்று தந்தார்கள். அவர்கள் போனதும் உள்ளே போய் ஐம்பத்தாறு கிளாஸ் கழுவினேன். அதில் நாலு என்னுடையது.

அகதி விடுதியில் இருந்த எங்கள் ஆட்கள் மூன்று பேரையும் வேறு ஊர்களுக்கு மாற்றிவிட்டார்கள். வழக்கு முடியும் வரை இந்த நகரத்தைத் தாண்டிப் போக எனக்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்தில் போய் நிற்பேன், சனம் ஏறி இறங்குவதைப் பார்க்க. நீர் அழக்கூடாது என்றுதான் பொய் எழுதினேன்.

புவன் அடுத்த முறை வரட்டும். இப்படிக் கேட்பது பிழை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். நீர் வாரும்.

அரியரத்தினம்

---

உரும்பிராய்,
2.8.1985

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் அனுப்பிய நான்கு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாமல் இருந்தது என் பிழை. பேனையை எடுத்தால் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் எழுத விருப்பமில்லை.

தம்பி மே எட்டாம் திகதி வெளிக்கிட்டான். இடத்தைத் திரும்ப வாங்கச் சொன்ன உங்கள் கடிதம் ஒன்பதாம் திகதி வந்தது. ஒரு நாள் முந்தி வந்திருந்தால் அவனைப் படலையில் மறித்துவிட்டு நான் வந்திருப்பேன். இதைப் பொய் இல்லாமல் எழுதுகிறேன். அடுத்த கிழமை ஆமி எங்கள் ஒழுங்கையில் இரண்டு பெடியன்களைக் கொண்டுபோனது. இன்னும் திரும்பவில்லை. கடிதம் பிந்தியதற்குக் கோயிலில் தேங்காய் உடைத்தேன். உடைத்துவிட்டு அங்கேயே இருந்து அழுதேன்.

தம்பியைப் பவேரியாப் பக்கம் போட்டிருக்கிறார்களாம். நீங்களும் போய்ப் பார்க்க ஏலாது, அவனும் வர ஏலாது என்று எழுதியிருக்கிறான். பெர்லின் வழியையும் அடைத்துவிட்டார்கள். இனி அந்த வழியில் ஒருவரையும் அனுப்ப ஏலாது என்று ஏஜென்சிக்காரர் கையை விரித்துவிட்டார். வேறு வழி வரும் என்று அம்மா சொல்லுறா. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பொய்தான் தம்பியைக் காப்பாற்றியது. அதற்காக உங்களைக் கும்பிட வேண்டும். ஆனால் அத்தான், நீங்கள் போன நாளில் இருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. அந்தப் படம் வந்ததற்கும் உங்கள் கடிதம் வந்ததற்கும் இடையில் நாற்பது நாள். நீங்கள் ரயில் நிலையத்தில் தனிய நின்ற அந்த நாற்பது நாளும் நான் இங்கே நிம்மதியாகப் படுத்து நித்திரை கொண்டேன். அதை மட்டும் என்னால் மன்னிக்க ஏலவில்லை.

மகாதேவி