இரண்டு நீலம்: கண் மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கம் வேறிடத்துக்குத் திருப்பிவிடுவது குறித்து

அனுப்புநர்
குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவு எழுத்தர்
(நோயாளியின் மருமகள்),
பெயிண்ட் கடைக்கு மேல்மாடி.

பெறுநர்
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
பொதுக் கண் மருத்துவமனை.

பொருள்: தங்கள் முன்பதிவுப் பக்கத்துக்குக் கைபேசி வழியாக வருவோர் போலிப் பக்கத்துக்குத் திருப்பப்படுவது – என் மாமியாரின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கான முறை பறிபோனது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு வாங்கியே பழகிய கை என்னுடையது; எழுதுவது இதுவே முதல் தடவை. நீளமான மனுவை எங்கள் அலுவலகத்தில் யாரும் கடைசிவரை படிப்பதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அரைப் பக்கத்தில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். விஷயம் என் மாமியாரைப் பற்றியது என்பதால் முடியவில்லை. பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. என் மாமியார் எங்கள் வீட்டுக்குக் கீழேயுள்ள பெயிண்ட் கடையில் நிறம் சேர்ப்பவர். கடைக்கு வருகிறவர்கள் அவரைக் 'கலர் அம்மா' என்றே அழைப்பார்கள். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், அதே நிறத்தைக் கலந்து டப்பாவில் ஊற்றிக் கொடுத்துவிடுவார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நின்றேன். "இது வெள்ளை இல்லம்மா, கொஞ்சம் நீலம் கலந்திருக்கு, உனக்கு எடுப்பா இருக்கு" என்றார். மாமியார் என்றால் எப்படி இருப்பாரோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அன்றே பயம் தெளிந்துவிட்டது. இது மனுவுக்குத் தேவையில்லாத செய்தி என்று தெரிந்தே எழுதுகிறேன்.

2. அவருக்கு இரு கண்களிலும் புரை. தாங்கள் அறியாததல்ல, புரை முற்ற முற்றப் பார்ப்பதெல்லாம் மஞ்சள் படிந்து தெரியும். ஒரு புது வீட்டுக்கு அவர் கலந்துகொடுத்த வெள்ளை, சுவரில் ஏறியதும் பழுப்பாக நின்றது. வீட்டுக்காரர் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "பரவாயில்லம்மா, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு கடை முதலாளி, அவரும் தங்கமான மனிதர்தான், "நீங்க கொஞ்ச நாள் பில் போடுற இடத்துல உட்காருங்கம்மா" என்றார். நிறம் சேர்க்கும் மேஜைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அறுவைச் சிகிச்சை சீக்கிரம் நடந்தால் மேஜை அத்தைக்குத் திரும்பக் கிடைக்கும். தள்ளிக்கொண்டே போனால் போனதுதான்.

3. முன்பதிவைத் தாமே செய்வேன் என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றார். என் கணவர் கணினி நிரல் எழுதுபவர். பெற்ற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவரை விரட்டிவிட்டுத் தம் போனிலேயே மருத்துவமனையின் பெயரைத் தேடிப் பக்கத்தைத் திறந்தார். விவரங்களை நிரப்பினார். 'உங்கள் தேதி உறுதி' என்று வந்தது. அன்று முழுவதும் வீட்டில் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

4. குறித்த நாளில் நானும் அவரும் தங்கள் மருத்துவமனைக்கு வந்தோம். அத்தை சலவை மடிப்புக் கலையாத சேலையில் வந்திருந்தார். முன்பதிவு முகப்பில் இருந்த தம்பி, அப்படி ஒரு பெயரே பதிவில் இல்லை என்றார். போனில் வந்த செய்தியைக் காட்டினோம். அவர் மரியாதையாகவே தம் கணினியைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கக்கா, நம்ம பக்கம் நல்லாத்தான் இருக்கு. நீங்க வேற எங்கயோ போயிருக்கீங்க." அத்தை போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பும்போது பேருந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்கு" என்றார். ஐயா, அவர் தப்பாக எதையும் அமுக்கவில்லை. இந்த மனுவை எழுதவைத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

5. வீட்டுக்கு வந்ததும் என் போனிலும் அவரைப் போலவே தேடிப் பார்த்தேன். அதே முகப்பு, அதே கண் படம், அதே எழுத்து. ஆனால் தங்கள் பெயர்ப்பலகையில் உள்ள நீலம் அல்ல, கொஞ்சம் பச்சை கலந்த நீலம். மேலே இருந்த முகவரியைப் பார்த்தால் தங்கள் மருத்துவமனைக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பெயர். அதற்குள் அத்தையின் போனுக்குக் கண்ணாடி வாங்கச் சொல்லியும், சொட்டு மருந்து வாங்கச் சொல்லியும் அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. கண் பார்க்க வந்தவர்களின் கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறார்கள்.

6. இங்கே என் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு லிங்க்கைக் கொடுத்தால் அது நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று சோதித்துச் சொல்லும் சின்ன இணையச் செயலி ஒன்றை அவர் எழுதி வைத்திருக்கிறார். சொந்தபந்தம் அனைவரும் பயன்படுத்துகிறார்கள். அதில் தங்கள் முகவரியைக் கொடுத்தோம். 'பக்கம் வந்தது, எல்லாம் சரி' என்றது. அவர் அசடு வழிய நிரலைத் திறந்து பார்த்தார். வழியில் யாராவது 'இங்கே இல்லை, அங்கே போ' என்று திருப்பிவிட்டால், அந்தச் செயலி வாயைத் திறக்காமல் அங்கே போய்விட்டு, கடைசியில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு 'வந்துவிட்டேன்' என்று சொல்கிறதாம். எனக்கு ஆச்சரியமே இல்லை. குழல்விளக்கு வாங்கப் போன மனிதர் மீன்தொட்டியோடு வந்து, "வாங்கிட்டேன்" என்று சொன்ன வீடு இது. அவர் பெற்றெடுத்த செயலி அவரைப் போலத்தானே இருக்கும்! பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, 'இங்கே திருப்பினார்கள்' என்று சொல்லிவிட்டுப் போகும்படி அதை மாற்றினார்.

7. மாற்றியும் பயனில்லை. அது நேராகத் தங்கள் பக்கத்துக்கே போனது. திருப்பமே இல்லை என்றது. முகப்புத் தம்பியின் கணினியில் தெரிந்ததும் அதுதானே. என் கணவர் தலையைப் பிய்த்துக்கொண்டார். அத்தைதான் பில் போடும் நாற்காலியிலிருந்து மாடிக்கு வந்து கேட்டார்: "டேய், நான் போன்லதானே தேடிப் போனேன்? நீ எதுல போற? கடை லைட்டுல பார்த்தா எல்லாக் கலரும் சரியாத்தான் இருக்கும். எந்தச் செவுத்துல அடிக்கப்போறாங்களோ அங்க கொண்டுபோய்ப் பாரு." பெயிண்ட் கடையில் இது அன்றாடப் பேச்சு. அவர் மகனுக்குச் சட்டென்று உறைத்தது. போனிலிருந்து தேடி வருகிற ஆளைப் போலவே செயலியை அனுப்பினார். இம்முறை பிடிபட்டது: தங்கள் வாசலில் கால் வைத்ததும் வேறொரு முகவரி, அங்கிருந்து அந்தப் பச்சை கலந்த நீலப் பக்கம். யாரோ தங்கள் பக்கத்துக்குள் புகுந்து இந்த வேலையைச் செய்துவைத்திருக்கிறார்கள். கணினியில் முகவரியைத் தட்டிப் போகிறவர்களை அது தொடுவதே இல்லை. தங்கள் அலுவலர்கள் அனைவரும் அப்படித்தான் போகிறார்கள். நோயாளிகள் யாரும் அப்படிப் போவதில்லை.

8. இதைத் தங்கள் கணினிப் பிரிவுக்கு எழுதினோம். 'எங்கள் தரப்பில் சோதித்தோம், குறை ஏதுமில்லை' என்று பதில் வந்தது. கூடவே, என் கணவரின் செயலி அடிக்கடி வந்து எட்டிப்பார்க்கிறது என்று அதற்கு வழியையும் அடைத்துவிட்டார்கள். அவர் முகம் தொங்கிப்போய் மீன்தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அத்தைதான் தேற்றினார். "அவங்க மேல கோபப்படாதே, பாவம், அவங்களுக்குத் தெரியலை" என்றார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, ஐயா. எங்கள் அலுவலகத்திலும் குழாயில் அழுக்குத் தண்ணீர் வருகிறது என்று யாராவது வந்தால், எங்கள் குழாயைத் திறந்து காட்டி, நன்றாகத்தானே வருகிறது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அவர்களோடும் நான் சண்டைதான் போடுகிறேன்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது: தாங்களே தங்கள் கைபேசியை எடுத்துக்கொண்டு அலுவலக அறையைவிட்டு வெளியே வந்து, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் அமர்ந்து, மருத்துவமனையின் பெயரைத் தேடித் திறந்து பார்க்க வேண்டும். பார்த்த உடனே அந்தப் பக்கத்தைச் சரிசெய்ய உத்தரவிட வேண்டும். அதுவரை வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகையாவது வைக்க வேண்டும். பெரிய எழுத்தில்; வருகிறவர்கள் கண் சரியாகத் தெரியாதவர்கள். இதேபோல ஏமாந்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாமல், அவர்கள் முதலில் பதிந்த நாளையே வரிசைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். என் மாமியாரும் அவர்களில் ஒருவர். அவரை மட்டும் முந்தவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அவர் என்னோடு பேசமாட்டார்.

இத்துடன் கடையிலிருந்து எடுத்த இரண்டு நிறச் சீட்டுகளை இணைத்துள்ளேன். ஒன்று தங்கள் பெயர்ப்பலகையின் நீலம். மற்றொன்று அந்தப் போலிப் பக்கத்தின் நீலம். அருகருகே வைத்தால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். புரை மட்டும் இல்லாதிருந்தால் அந்தப் பக்கம் திறந்த மாத்திரத்தில் "இது அவங்க நீலம் இல்லையே" என்று அத்தை போனைக் கீழே வைத்திருப்பார். இந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது. எந்தக் கண்ணுக்காக வந்தாரோ அந்தக் கண்ணால்தான் ஏமாந்தார். உறைக்குள் வைக்கும் முன் இரண்டு சீட்டுகளையும் அவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானேம்மா, எதுக்கு ரெண்டு வைக்கிற?" என்று கேட்டார்.

இரண்டையும் வாங்கி உறைக்குள் வைத்தேன். அவர் தாமே வித்தியாசத்தைப் பார்த்துச் சொல்லட்டும், ஐயா. அதற்கு ஒரு தேதி கொடுங்கள்.

இடம்: பெயிண்ட் கடை மேல்மாடி
நாள்: வெள்ளிக்கிழமை, கடை அடைத்த பின்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
கலர் அம்மாவின் மருமகள்

இணைப்பு: நிறச் சீட்டுகள், இரண்டு.