முப்பத்தொன்றுக்கு மட்டும் மார்க் இல்லை

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே மூன்று பேரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் இரண்டு பேருக்குத்தான் அது பொருந்துகிறது, அந்த இரண்டு பேருக்கும் அரைகுறையாகத்தான். நீ அங்கே அரிசோனா வெயிலில் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நீ அனுப்பிய எலுமிச்சம்பழங்கள் வந்து சேர்ந்தன, பாதியைப் பக்கத்து வீட்டு டோரீனுக்குக் கொடுத்தேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் தம்பி விடுமுறைக்கு வீட்டில் இருக்கிறான், இந்த வீட்டுச் சுவர்களின் யோக்கியதை உனக்குத் தெரியும், இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் இருப்பவர் ஆயுசு நூறு என்பார். கூரைமேல் பனி இடுப்பளவு நிற்கிறது. உன் அப்பா முதுகுவலியோடு ஏணியில் ஏறுகிறார், வேண்டாம் என்றால் இன்னும் ஒரு படி மேலே ஏறுகிறார். பள்ளிக்கூடச் சமையலறை ஜனவரி வரை மூடியிருக்கிறது, அதனால் எனக்குக் கை சும்மா இருக்கிறது, கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருப்பதில்லை. அக்டோபரில் அப்பா சமையலறை வாசல் நிலைக்கு வெள்ளை அடித்தார் என்று சொன்னேன் அல்லவா, இரண்டு மாதம் ஆகியும் ஒரு கீறல் விழவில்லை, நல்ல பெயிண்ட் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விஷயம் உன் தம்பி கேலெப்பைப் பற்றித்தான். விடுமுறை விட்ட அன்று கல்லூரி விடுதியிலிருந்து பையோடு வந்தான், சூப்பை முழுதும் குடித்தான், கிண்ணத்தைக் கழுவி வைத்தான், பிறகு உட்கார்ந்து, நான் ஹாக்கி டீமுக்குத் திரும்பப் போகலம்மா, என்றான். ஏன்டா என்றேன். ஒண்ணும் தோணலம்மா, கோல் விழுந்தாலும் ஒண்ணும் தோணல, தடுத்தாலும் ஒண்ணும் தோணல, யாரோ ஆடறதை நான் பாத்துட்டிருக்கற மாதிரி இருக்கு, என்றான். அழவில்லை, கோபப்படவில்லை, கடையில் பால் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னான். அப்பா, ஒரு வாரம் தூங்கு, எல்லாம் சரியாயிடும், என்றார். அவனும் தூங்கினான், இன்னும் தூங்குகிறான். சனிக்கிழமை சவுனா நீராவி அறையைச் சூடாக்கினோம், அவன் கல்லின் மேல் ஒரு கரண்டித் தண்ணீர்கூட ஊற்றாமல் வெறும் சூட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். கோச் போன் செய்தார், வருகிற சனிக்கிழமைக்குள் வருகிறானா இல்லையா என்று சொல்ல வேண்டுமாம். நாங்கள் ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இதற்கு நடுவில் அரையாண்டு வந்தது. நீ போய் ஆறு வருஷம் ஆனாலும் ஆட்டத்தில் பன்னிரண்டாம் வரிசையில் உட்காரும் நாமெல்லாம் பாதி சீசனில் ஒவ்வொரு பையனுக்கும் கை தூக்கி மார்க் போடும் அரையாண்டுத் தேர்வை மறந்திருக்க மாட்டாய். எப்போதும்போல ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில், எல்லோரும் அதே பச்சைக் கோட்டில், நமது நீர்நாய்கள் டீம் கோப்பை வாங்கிய வருஷம் மொத்தமாக வாங்கினோமே அதே கோட்டு. போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் போகாவிட்டால் அதுவே பேச்சாகிவிடும் என்று போனோம். வெண்டல் தபால் நிலையத்தில் முகவரி படித்த அதே குரலில் சட்டை எண் வரிசைப்படி ஒவ்வொரு பையனாகப் படித்தார். பாதி சீசனில் ஏழு வெற்றி, ஒன்பது தோல்வி, இரண்டு சமன், அதற்கே எல்லோருக்கும் முகம் கடுகடுவென்று இருந்தது. எதிராளி ஆள் குறைவாக ஆடும்போதுகூட நாம் கோல் போடுவதில்லை என்ற பேச்சு வந்ததும் டோரீன், அவங்க நாலு பேரு, நாம அஞ்சு பேரு, அப்பவும் நம்ம பசங்க ஐஸ்ல அந்த ரப்பர் பக்கைத் தேடறாங்க, சாவுவீட்டு வாசல்ல தன் பூட்ஸைத் தேடறவன் மாதிரி, என்றாள், காபி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. கேப்டனுக்கு பி. பதினேழாம் எண்ணுக்கு சி, அதுவும் வெர்னா டீச்சர் போராடி வாங்கிக் கொடுத்தது, அந்தப் பையன் ஓடறான், எங்க ஓடறோம்னுதான் அவனுக்குத் தெரியல, ஓடறதுக்காவது போடுங்க, என்றாள். நானும் கை தூக்கினேன், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, மரத்துப்போன கன்னத்தைப் பல் டாக்டர் தட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

முப்பதாம் எண் முடிந்தது, அடுத்தது முப்பத்தொன்று, கோல் காக்கும் நம் கேலெப். வெண்டல் தொண்டையைக் கனைத்துக் கூரையைப் பார்த்தார். அதுதான் அடையாளம், அந்தப் பையனைப் பெற்றவர்கள் எழுந்து கோட்டறைக்குப் போக வேண்டும். நானும் அப்பாவும் ஈரக் கம்பளி நாற்றத்தில் அந்தக் கோட்டுகளுக்கு நடுவே நின்றோம். மூன்று வருஷமாக அங்கே நிற்கிறோம், போன வருஷம் கைதட்டல் கேட்டது, அதற்கு முந்தின வருஷம் சிரிப்பு கேட்டது. இந்த முறை ஒன்றுமே கேட்கவில்லை. அப்பா ஒரு கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார், அது யாருடைய கோட்டோ. பிறகு டோரீன் கதவைத் தட்டி, வாங்க, காபி ஆறுது, என்றாள். வெளியே வந்தால் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. வெர்னா என் கையில் ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி இரண்டு துண்டு வைத்தாள், கேட்காமலே. மார்க்கைச் சொல்லக் கூடாது என்பது விதி, வீடு போய்ச் சேருவதற்குள் யாராவது வந்து காதில் சொல்வது வழக்கம். இந்த முறை வண்டி வரை நடந்தோம், ஒருவரும் வரவில்லை. எஃப் போட்டுவிட்டார்கள், வெட்கப்படுகிறார்கள் என்றார் அப்பா. எனக்கும் அப்படித்தான் பட்டது, அதுவும் வலிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பா கோட்டைக் கழற்றினால் அவருடைய கை உறைகள் பையில் இல்லை, கோட்டும் அகலமாக இருந்தது. எல்லாக் கோட்டும் ஒன்றுபோல இருந்தால் இதுதான் நடக்கும், அது வெண்டலின் கோட்டு. பையில் அவருடைய மார்க் தாள் நான்காக மடித்து இருந்தது. படிக்கக் கூடாது என்று தெரியும், படித்தேன். எல்லா எண்ணுக்கும் எதிரே ஓர் எழுத்து இருந்தது, முப்பத்தொன்றுக்கு மட்டும் இல்லை. எழுத்துக்குப் பதிலாகப் பொடிப்பொடியாக நான்கு வரி. கம்பத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டான். நவம்பர் ஒன்பதிலிருந்து. அவன் அம்மாவிடம் யாராவது சொல்ல வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை.

பிரிட்டா, உனக்குத் தெரியும் அவன் தட்டுவது. கோல் முன்னால் போய் நின்றதும் மட்டையால் இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலது கம்பத்தில் ஒரு தட்டு, அதற்கப்புறம்தான் குனிவான். எட்டு வயதில் ஆரம்பித்தது. வீட்டில் எந்த வாசலில் நுழைந்தாலும் கையில் இருக்கும் சாவியாலோ கரண்டியாலோ நிலையின் இரண்டு பக்கமும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான், நீ, பிசாசே, தட்டாம வரமாட்டியா, என்று கத்துவாய். நான் எழுந்துபோய்ச் சமையலறை வாசலைப் பார்த்தேன். அவன் ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட வந்து போன வாசல், இரண்டு மாதமாக ஒரு கீறல் இல்லாத வெள்ளை. பெயிண்ட் நல்ல பெயிண்ட் இல்லை, பிள்ளை தட்டவில்லை, ஆட்டத்தில் நிறுத்துவதற்கு முன்பே வீட்டில் நிறுத்திவிட்டான். அத்தனை ஆட்டத்துக்கும் பன்னிரண்டாம் வரிசையில் உட்கார்ந்து எத்தனை கோல் விழுந்தது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். காலண்டரில் நவம்பர் ஒன்பதைத் தேடினேன், அன்று நாம் நாலுக்கு ஒன்று என்று ஜெயித்திருக்கிறோம், கேக் வாங்கினேன் என்று என் கையெழுத்தே சொல்கிறது.

திங்கட்கிழமை காலை வெண்டல் கோட்டை மாற்றிக்கொள்ள வந்தார். உள்ளே வரவில்லை, வாசல் பனியிலேயே நின்றார். தாளைப் பார்த்துவிட்டேன் என்றேன். அவர் பூட்ஸையே பார்த்துக்கொண்டு, அந்தத் தட்டு பன்னெண்டாவது வரிசை வரைக்கும் கேக்கும் லோயிஸ், ஒரு வாரம் கேக்கல, மறு வாரமும் கேக்கல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம், என்றார். அப்புறம் ஏன் மார்க் போடல, நூத்துக்கு எண்பத்தாறுதான் தடுக்கறான், தொண்ணூறுக்குக் கீழ போனாலே மோசம்தானே, எஃப் போட்டிருக்கலாமே, என்று கேட்டேன். பரீட்சைக்கு வராத பையனை ஃபெயில்னு போடுவாங்களா, ஆப்சென்ட்னுதானே போடுவாங்க, என்றார். அதற்கு அறையில் ஒரு கைகூட மறுத்து எழவில்லையாம். அவர் போன பிறகு கதவை மூடிவிட்டு அப்படியே நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை, பிரிட்டா, பிள்ளை சொன்னது என்ன என்று அப்போதுதான் புரிந்தது, பயமும் அப்போதுதான் வந்தது.

அப்பா கோச்சுக்குப் போன் செய்து, வரமாட்டான், என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஆட்டம் போகட்டும், எனக்குப் பையன் வேண்டும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், உடம்புக்கு இல்லை, மனசுக்கு. அவன் வருவானா என்பதுதான் கேள்வி. இன்று மதியம் அவன் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன், கூப்பிட்டால் உம் என்பான், அது பதில் இல்லை. அதனால் நிலையின் இடது பக்கம் ஒரு தட்டு, வலது பக்கம் ஒரு தட்டு தட்டினேன், வியாழக்கிழமை பத்து மணி, டாக்டர், நானும் கூட வர்றேன், என்றேன்.  திரும்பி நடக்கும்போது உள்ளேயிருந்து சுவரில் ஒரு தட்டு கேட்டது. ஒன்றுதான். அடுத்ததற்காக நின்றேன், அடுப்பில் உருளைக்கிழங்கு அடிப்பிடிக்கும் வரை நின்றேன், வரவில்லை. ஆனாலும் அந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கடிதம் கைக்கு வந்ததும் அவனுக்குப் போன் செய். அதற்குள் வியாழன் போயிருக்கும், போனானா என்று கேட்காதே, ஹாக்கி பேச்சும் எடுக்காதே. அவன் எடுத்ததும் உன் விரலால் போனிலேயே இரண்டு தட்டு தட்டு, அவன் பேசாவிட்டாலும் நீ வைத்துவிடாதே. வெயிலில் தலைக்குத் தொப்பி போடு, ஆஸ்பத்திரியில் இரட்டைப் பணி பார்க்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னையும் உன் வாசலையும் காக்கட்டும், நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் கண்ணு.

இப்படிக்கு
உன் அம்மா, லோயிஸ்

மறக்காதே: இரண்டு தட்டு. ஒன்றோடு நிறுத்திவிடாதே.