மழுங்கிய ஊசி

14-8-79, செவ்வாய்

நர்ஸ் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பெரிய சிஸ்டர் எனக்குத் தருவது மழுங்கிய ஊசிகளைத்தான். கூரானவை அவருடைய டப்பாவில் இருக்கும். நான் குத்தினால் நோயாளிகள் அலறுவார்கள். "புதுசுக்குக் கை கனம்" என்று வார்டே கேட்கும்படி சிரிப்பார்.

இன்று அவருடைய அம்மாவையே காய்ச்சலென்று நெடுங்காட்டிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். பெற்றவளுக்குக் குத்த அவருக்கு மனம் வரவில்லை. டப்பாவைத் திறந்து, ஓர் ஊசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அதுக்குள்ள போட்டாச்சா? வலிக்கவே இல்லையேம்மா. நல்ல கை உனக்கு" என்றார் அந்த அம்மா.

சிஸ்டர் அந்த ஊசியைக் கொதிக்கவைத்துத் தன் டப்பாவிலேயே போட்டு மூடிக்கொண்டார்.

சாயந்திரம் மறுபடியும் பழைய ஊசிதான். அம்பகரத்தூர்க்காரர் ஒருவர் என்னைக் கண்டதுமே பல்லைக் கடித்துக்கொண்டார்.

நானும்தான்.