என் விரலின் அளவு

மார்ச் 3, செவ்வாய்

ஆறாம் அத்தியாயம் முடிந்தது. சந்தோஷப்பட வேண்டுமாம். இல்லை. வருத்தமும் இல்லை. ஐந்து வருடமாக இந்தப் பெட்டியோடு மாரடிக்கிறேன். சோப்பு டப்பா அளவுதான். ஊசி குத்தாமல், விரலைக் கவ்வி வெளிச்சம் பாய்ச்சி, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று சொல்லும். வழிகாட்டி சாருக்கு ஒரே குஷி. சுகாதார நிலையத்துக் கர்ப்பிணிகளின் எண்கள் ஆறு மாதமாக ஏறிக்கொண்டே வருகின்றனவாம். இருபதாம் தேதி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அக்கா போனில் சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். எதை என்று நினைவில்லை.

மார்ச் 9, திங்கள்

முறையியல் பகுதியில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன். பெட்டியின் விளக்கு நாளாக நாளாக மங்கும். அதனால் தினமும் காலையில் அளவு தெரிந்த ஒன்றைக் காட்டி அதை நேர்ப்படுத்த வேண்டும். அதற்கென இருந்த சிவப்புத் தகட்டை ஃபியூஸ் போட்டு உடைத்தான் (பக்கத்து மேஜைக்காரன், கை வைத்ததெல்லாம் புகையும், அதனால் அந்தப் பட்டப்பெயர்). புதிது வர மாதக்கணக்காகும். "உன் விரல் இருக்கே, அத வெச்சு ஓட்டு" என்றார் சார். என் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். 12.4. அன்றிலிருந்து தினமும் விரலை நீட்டி, இதுதான் 12.4 என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறேன். ஒன்றரை வருடம் ஆகிறது.

மார்ச் 12, வியாழன்

வளாகத்தில் ரத்ததான முகாம். வரிசையில் நின்றேன். என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 9.6 தானாம். ரத்தம் அளக்கும் பெட்டி செய்கிறவளுக்கே ரத்தம் இல்லை என்று ஃபியூஸ் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

மார்ச் 13, வெள்ளி

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது.

என் விரல் 12.4 இல்லை. எப்போதிலிருந்து இல்லை? தெரியாது. நான் இறங்க இறங்கப் பெட்டி எல்லோரையும் ஏற்றிச் சொல்லியிருக்கிறது. என் 9.6-ஐ 12.4 என்று நம்பி, இப்போது கிட்டத்தட்ட மூன்று கூட்டிச் சொல்கிறது. அந்தப் பெண்களுக்கு ஒன்றும் ஏறவில்லை.

ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்.

இல்லை, பதறாதே. வெறும் ஆய்வுதானே — யாருக்கும் இதை வைத்துச் சிகிச்சை தருவதில்லை. அப்படித்தானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்?

மார்ச் 14, சனி

சுகாதார நிலையத்துக்குப் போனேன். செவிலியர் பதிவேட்டை எடுத்துப் போட்டார். ரத்தம் எடுக்க அவர்களுக்கு ஆள் கிடையாது, கூட்டமோ தாங்காது. அதனால் பெட்டி பதினொன்றுக்கு மேல் காட்டியவர்களை ஊசி குத்தாமலே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அப்படிச் செய்யலாமா என்று கேட்டேன்.

"உங்க பெட்டி நல்லாருக்குன்னு சொல்லுச்சு, அனுப்பிட்டேன். அதுக்குத்தானேம்மா இத செஞ்சீங்க?"

அதற்குத்தான் செய்தேன். அப்படி அனுப்பப்பட்டவர்கள் முப்பத்தேழு பேர்.

மார்ச் 16, திங்கள்

சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"முதல்ல சமர்ப்பிச்சிடு. திருத்தம் அப்புறம் போட்டுக்கலாம். நீயா சொல்லலேன்னா யாருக்கும் தெரியப் போறதில்ல."

"அந்த முப்பத்தேழு பேருக்கும் போன் பண்ணணும் சார். எதுக்குன்னு கேப்பாங்க."

ஒரு வருடம் போய்விடும் என்றார். தெரியும் என்றேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். ஒன்றுமே தோன்றவில்லை.

மார்ச் 18, புதன்

முப்பத்தொரு பேர் வந்தார்கள். ஊசி குத்தி ரத்தம் எடுத்தோம். மீதி ஆறு பேரை வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டும். நானும் இரும்பு மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருக்கிறேன். வாயெல்லாம் துரு.

மார்ச் 20, வெள்ளி

ஆய்வேடு போகவில்லை.

முடிவுகள் வந்தன. பதினாறு பேருக்குக் குறைவு. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, பெட்டி 11.3 என்றது. உண்மையில் 8.2. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். என்னை அடிக்கட்டும் என்றுதான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவே இல்லை.

"முடியல முடியலன்னு தினமும் சொன்னேங்க. மெஷினே நல்லாருக்குன்னு சொல்லிடுச்சு, உனக்கு உடம்பு வணங்கலன்னு சொல்லிட்டாங்க எங்க அத்தை. இந்தச் சீட்டக் காட்டினா மட்டும் நம்புவாங்களா? நீங்க ஒரு தடவ வந்து சொல்றீங்களா?"

கூடவே போனேன். அவளுடைய மாமியார் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: "அந்த மெஷின் நான் செஞ்சதும்மா. தப்பா சொல்லிடுச்சு. உங்க மருமக சொன்னதுதான் சரி."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அழுதேன், அதுவும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில்.

மாமியார் என்னைப் பார்க்கவே இல்லை. மருமகள் பக்கம் திரும்பி, "எத்தன நாளா சொல்லிட்டிருந்த நீ?" என்றார்.