கத்தாத குருவி

ஜூன் 9
எனக்கு எழுத வராது. சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் நாடக வகுப்புக்குப் பேத்தி குருவியைக் கூட்டிப்போனேன். எங்கள் குருவிக்குப் பேச்சு வராது. சந்தோஷமானாலும் கோபமானாலும் கத்தல்தான். இன்று கண்ணாடி விளையாட்டு. எதிரில் நிற்பவர் செய்வதை அப்படியே செய்ய வேண்டும். மூட்டை தூக்கிக் கூனிய என் முதுகைக்கூட விடவில்லை அவள். "தாத்தா, உங்களுக்கு வாரிசு ரெடி" என்று டீச்சர் சிரித்தார்.

ஜூலை 2
டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டார். புது டீச்சர் கதவைச் சாத்திவிட்டார். "நீங்க உள்ள இருந்தா பிள்ளைங்க கவனம் சிதறும். வெளிய உக்காருங்க ஐயா." உட்கார்ந்தேன். பாட்டுச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் சத்தம் கேட்கவில்லை.

ஜூலை 8
குருவி இப்போது கத்துவதில்லை. "நல்ல முன்னேற்றம்பா" என்கிறான் மகன். எனக்கு அப்படிப் படவில்லை.

ஜூலை 11
பொம்மையைச் சுவரோரம் நிறுத்தி அதன் வாயைப் பொத்தினாள் குருவி. "நடிக்கிறா மாமா, பாருங்க!" — மருமகளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வீடே கைதட்டியது. நானும்தான். இன்னொரு தரம் செய்யச் சொன்னோம். செய்தாள்.

ஜூலை 12
கண்ணால் பார்த்ததைத்தானே அவள் செய்வாள்? இதை எங்கே பார்த்தாள்?

ஜூலை 14
வகுப்புக்குக் கிளம்ப அவளுக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தேன். என் வாயைப் பொத்தினாள். வாயை மட்டுமல்ல, மூக்கையும் சேர்த்து. எனக்கு மூச்சு முட்டியது. அவள் முகத்தில் கோபம் இல்லை, ஒரு சிரிப்பு. அது எங்கள் வீட்டுச் சிரிப்பே இல்லை.
இன்று அவளை வகுப்புக்குக் கூட்டிப்போகவில்லை என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். நாளை நான் மட்டும் போய்ப் பார்க்கப் போகிறேன்.

ஜூலை 15
கதவைத் தட்டவில்லை, தள்ளினேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் வேறொரு சின்னப் பெண். புது டீச்சரின் கை அவள் வாயிலும் மூக்கிலும். அந்தம்மா முகத்தில் அதே சிரிப்பு.
"அடங்கறதுக்குப் பயிற்சிங்க ஐயா—"
"எடு கைய!"
என் சத்தத்தில் அறையிலிருந்த பிள்ளைகள் எல்லாம் தங்கள் வாயைத் தாங்களே பொத்திக்கொண்டார்கள்.

ஜூலை 27
மகன் போலீசில் புகார் கொடுத்தான். வகுப்பைப் பூட்டிவிட்டார்கள். குருவி கீழே விழுந்து முட்டி கிழிந்தது. ரத்தம் வந்தது. சத்தம் வரவில்லை. கைதட்டினோமே, பாவிகள்.

ஆகஸ்ட் 19
குளிக்கக் கூப்பிட்டதற்குக் குருவி கத்தினாள். தெருவே கேட்கிற கத்தல். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். "காலங்காத்தால என்னங்க இது? புள்ளைய கொஞ்சம் அடக்கக் கூடாதா?"
மருமகள் வாசலை மறித்து நின்றாள்.
"மாட்டோங்க."