மூன்றடிக்கு மூன்றடி

மே 9, வெள்ளி

காலையிலேயே அனல். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கொல்லையில் வண்டி வேலை மட்டும் ஜரூர். பழைய டிராக்டர் டிரெய்லர் மேல் இவர் தகரமும் பிளைவுட்டும் அடித்து வீடு மாதிரி ஆக்குகிறார். லீவுக்கு ஊட்டி. இழுத்துப் போக இவர் தம்பி குமரேசனின் ஜீப்.

பாத்ரூமுக்கு என்று பின் மூலையில் மூன்றடிக்கு மூன்றடி, சாக்பீஸால் நானே கோடு போட்டிருந்தேன். இன்று அதன்மேல் பெரிய ஸ்பீக்கர் பெட்டி. குமரேசன் வேலை.

"வழியெல்லாம் பெட்ரோல் பங்க் இருக்கு அண்ணி. பாட்டு இல்லாம எப்படிப் போறது?"

இவர் சிரித்தார். அதுதான் தாங்கவில்லை. மஸ்கட்டில் கம்பெனி கேபின்களுக்குப் பாத்ரூம் பொருத்தியே சம்பாதித்தவர். எவன் எவனுக்கோ.

மே 10, சனி

அரிசி ஊறப்போட மறந்தேன். நாளைக்கு இட்லி இல்லை. பரவாயில்லை.

மகள் கல்பனா ஊட்டிக்கு வரவில்லையாம். துருவிக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போன வருஷம் வேன்ல போனப்ப தூரமாயிட்டேன்மா. மாத்த இடமே இல்ல. சீட்டுல பட்டுடுச்சு. சித்தப்பா பாத்துட்டு சிரிச்சாரு."

பதினைந்து வயதுப் பெண். ஒரு வருஷம் மனசுக்குள்ளேயே.

அதே பயணத்தில்தான் நான் தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி, நீர்க்கடுப்பு வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தது. இவருக்குத் தெரியும். தெரிந்துதான் நேற்றுச் சிரித்தார்.

சோறு போடும்போது பாத்ரூம் பேச்சை எடுத்தேன். "பாக்கலாம்" என்றார். பாக்கலாமாம்!

மே 11, ஞாயிறு

கும்பகோணத்தில் கல்யாணம். அண்ணனும் தம்பியும் போனார்கள். எனக்குத் தலைவலி என்றேன். பொய்.

ஸ்பீக்கர் பெட்டி மாட்டுக்கொட்டகைக்கு. ஒரு பக்கம் கல்பனா பிடித்தாள். இவருடைய மஸ்கட் டிரில் மெஷினால் வண்டியின் தரைப் பலகையில், கழிவு பைப்புக்காக, வட்டமாகத் துளை துளையாகப் போட்டு, நடுவைச் சுத்தியலால் தட்டி விழவைத்தேன்.

மத்தியானம் வந்தார்கள். குமரேசன் குதித்தான். "என்ன அண்ணி, வண்டியவே கெடுத்துட்டீங்க!"

இவர் குனிந்து அடியில் பார்த்தார். "நேர் கீழ அச்சு ஓடுது. இதுல பைப் இறங்காது."

"இறங்குற எடத்துல நீங்க போடுங்க."

"ஏன் இப்படிக் கத்துற?"

"கல்பனா ஏன் வரலங்கிறான்னு உங்க தம்பியக் கேளுங்க."

குமரேசன் தலை கவிழ்ந்தது. நானே சொன்னேன். எல்லாவற்றையும், சத்தமாக. கல்பனா உள்ளே ஓடிவிட்டாள். அவளைக் கூசவைத்ததற்கும் இவர்கள்மேல்தான் ஆத்திரம்.

இவர் முகம் செத்துப்போனது. மெஷினை எடுத்துக் கையில் கொடுத்தேன். இரண்டாவது ஓட்டை விழும்வரை நான் நகரவில்லை.

மே 13, செவ்வாய்

கக்கூஸ் கோப்பை பொருத்தியாயிற்று. மேலே தண்ணீர் டிரம், அடியில் கழிவுக்கு ஒன்று. வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தார். ஒழுகவில்லை. குமரேசன் இந்தப் பக்கமே வரவில்லை.

"இப்ப சந்தோஷமா?"

இல்லை. பெற்ற பெண் கூனிக்குறுகி நின்ற பிறகுதான் இவருக்குக் காது கேட்டிருக்கிறது.

கதவு மாட்டிவிட்டார், உள்தாழ்ப்பாள் இல்லாமல். நாளைக்கு அதை வாங்கப் பாபநாசம் கடைத்தெருவுக்கு நானே.